பையன் பள்ளிக்கு வராததை முதலில் கவனிப்பது யார்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஒரு சித்தி. அக்கா மகனுக்கு 14 வயது முடிந்துவிட்டது, அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அப்பா கொத்தனார், கேரளத்தில் வேலை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். பையன் கல்யாண மண்டபங்களில் பரிமாறும் கேட்டரிங் வேலைக்குப் போய்ப் பழகிவிட்டான். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து பாதி நாள் வகுப்புக்குப் போகவில்லை. அடித்துப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். "டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க" என்று பள்ளியிலும் பேச்சு வந்துவிட்டது. "அன்பா அரவணைப்பா இருந்தா படிப்பான்னு எல்லாரும் சொல்றாங்க. நாங்க என்ன அன்பில்லாமலா இருக்கோம்? இது உண்மையிலேயே வேலை செய்யுமா? செய்யும்னா நாங்க என்னதான் செய்யணும்?" என்று கேட்டிருக்கிறார்.

வேலை செய்யும். முப்பத்தொரு வருடம் விருதுநகர் பக்கத்து அரசுப் பள்ளிகளில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு இதைச் சொல்கிறேன். ஆனால் அரவணைப்பு என்றதும் தலையைத் தடவிக் கொடுப்பதும் கேட்டதை வாங்கிக் கொடுப்பதும்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஒரு பிள்ளையைப் பள்ளியில் தங்க வைப்பது அதைவிடச் சாதாரணமான, கொஞ்சம் சலிப்பும் தட்டுகிற வேலை. அவன் வராத நாளை ஒரு ஆள் கவனிக்க வேண்டும். அன்றைக்கே விசாரிக்க வேண்டும். அடுத்த முறையும் விசாரிக்க வேண்டும். அதே ஆள் விசாரிக்க வேண்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் இருந்த ஆயா. பத்தாம் வகுப்பு வரை மதியச் சாப்பாடு உண்டு, ஆளுக்கொரு முட்டை உண்டு. அந்த அம்மாவுக்கு முட்டைக் கணக்கு மனப்பாடம், முகமும் மனப்பாடம். நாங்கள் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவோம். இப்போது எமிஸ் என்ற கல்வித்துறைச் செயலியில் தட்டிவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அவரோ வாசலில் என்னை நிறுத்தி, "சார், அந்த எட்டாப்புப் பையன் மூணு நாளா முட்டைக்கு வரல. அவங்க ஆத்தாளுக்கு மேலுக்கு முடியலையாம், இவன்தான் தம்பியைப் பாத்துக்கிறானாம்" என்பார். அன்று சாயங்காலமே போய்ப் பார்த்தால் நான்காம் நாள் பையன் வந்துவிடுவான். அதையே பத்து நாள் கழித்துக் கண்டுபிடித்தால் பாடு பெரிது. ஒரு மாதம் கழித்து என்றால் அவன் ஏதாவது வேலையில் சேர்ந்திருப்பான், கையில் காசு புழங்கியிருக்கும், திரும்பி வந்து எட்டாம் வகுப்பு பெஞ்சில் உட்காருவதே அவனுக்குக் கேவலமாக இருக்கும்.

நான் கெடுத்த ஒரு பையன் கதையும் உண்டு. அவனும் ஒன்பதாம் வகுப்பு, அவனும் கேட்டரிங். நான்கு நாள் வராமல் ஐந்தாம் நாள் வந்தான். "வாங்க மாப்ள, பந்தி முடிஞ்சுதா? எங்களுக்கெல்லாம் பாயசம் இல்லையா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். நகைச்சுவையாகக் கண்டித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்தி வேறு. அடுத்த வாரம் இரண்டு நாள் வந்தான், காலாண்டுத் தேர்வில் அவன் இடம் காலி. நான் வீட்டுக்குப் போனபோது திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவனுடைய பாட்டி எனக்கு மோர் கொடுத்து, "உங்களைத்தான் சார் அவன் நல்லா சொல்லுவான்" என்றார். அந்த மோரை எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியாது. நான்கு நாள் விட்டுவிட்டு மறுபடி வகுப்பு வாசலை மிதிப்பது ஒரு பதினாலு வயதுப் பையனுக்கு எவ்வளவு கனமான காரியம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சரி, ஏன் ஒன்பதாம் வகுப்பில் இது நடக்கிறது? உங்கள் பையன் கெட்டுப்போய்விட்டதாக நினைக்காதீர்கள். அந்த வயதில் அவனைப் பிடித்திருந்த கைகள் பலவும் ஒரே நேரத்தில் விடுகின்றன. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களுக்குத்தான் தடை. ஆக, படிக்கச் சொல்லும் சட்டமும் வேலைக்குப் போகாதே என்னும் சட்டமும் ஒரே பிறந்தநாளில் பிடியைத் தளர்த்துகின்றன. அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளியும் மாறுகிறது. ஊர் நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிந்துவிடும். அங்கே ஐந்தாறு வாத்தியார்கள், எல்லோருக்கும் அவனைத் தெரியும், அவன் அம்மாவைத் தெரியும். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர், நாற்பது நிமிடம் வந்து போவார்கள். பெயர் பிடிபடவே ஆகஸ்ட் ஆகிவிடும். எட்டு வரை ஆல் பாஸ். ஒன்பதில்தான் பெயில் என்ற சொல்லை முதன்முதலாக அவனைப் பார்த்துச் சொல்கிறார்கள். மற்றொரு பக்கம் கேட்டரிங் மாஸ்டர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், வேலை முடிந்ததும் கையில் ஐந்நூறு ரூபாய் வைக்கிறார், "இவன் சாம்பார் வாளி தூக்கினா ஒரு சொட்டு சிந்தாது" என்று பத்துப் பேர் முன்னால் சொல்கிறார். நீங்களே சொல்லுங்கள், அவன் எங்கே போவான்?

ஆக, உங்கள் பையனுக்கு ஏற்கெனவே ஓர் ஆதரவான உறவு கிடைத்துவிட்டது. அது பள்ளிக்கு வெளியே கிடைத்துவிட்டது என்பதுதான் சிக்கல்.

ஒரே ஒரு ஆளால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, வீட்டில் குடி, மனநோய், ஓயாத சண்டை என்று பல சுமைகள் ஒன்றாக விழுந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களுடைய சுபாவமும் ஒரு காரணம்தான். ஆனால் திரும்பத் திரும்பத் தென்பட்டது, பெற்றோரோ பாட்டியோ அத்தையோ வாத்தியாரோ, யாரோ ஒருவரோடாவது அறுந்துபோகாத ஒட்டுதல் இருந்தது.

இதையே ஒரு வேலைத்திட்டமாக ஆக்கியவர்கள் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தினர். 1990-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பெயரைத் தமிழில் 'பார்த்துக்கொள், இணைந்துகொள்' என்று சொல்லலாம். பின்தங்கும் மாணவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பெரியவர். வருகையையும் மதிப்பெண்ணையும் நடத்தையையும் அவர் விடாமல் பார்ப்பார், சறுக்கல் தெரிந்தவுடன் பேசுவார், வீட்டுக்கும் போவார். குறைந்தது இரண்டு வருடம் கூட இருப்பேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். பையன் பள்ளி மாறினாலும் அந்த ஆள் மாறமாட்டார். கற்றல், நடத்தைச் சிக்கல்கள் உள்ள மாணவர்களை வைத்து நடந்த ஒரு சோதனையில், ஒன்பதாம் வகுப்பு முடியும்போது இந்தத் துணை தொடர்ந்து இருந்தவர்களில் 9 சதவீதம் பேர் பள்ளியை விட்டிருந்தார்கள், துணை இல்லாத பக்கத்தில் 30 சதவீதம். சிறிய சோதனைதான், நூறு பேருக்கும் குறைவு. ஆனாலும் இரண்டு எண்ணுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பாருங்கள்.

அமெரிக்காவிலேயே நடந்த இன்னொன்று எனக்கு இதைவிடப் பிடிக்கும், ஏனென்றால் அதில் செலவு அதிகமில்லை. தேறாத பாடங்களைக் கோடை விடுமுறையில் மறுபடி படிக்க வந்த உயர்நிலை மாணவர்கள். ஆசிரியரிடமிருந்து பெற்றோருக்கு வாரம் ஒரு வரிச் செய்தி, பையனைப் பற்றி. தேறாமல் போனவர்களின் பங்கு 41 சதவீதம் குறைந்தது, முக்கியமாக, நடுவில் நின்றுபோகிறவர்கள் குறைந்ததால். "நன்றாகச் செய்கிறான்" என்ற செய்தியைவிட, "இந்த வாரம் வீட்டுப்பாடம் இரண்டு பாக்கி, இதைச் சரிசெய்யலாம்" என்ற வகைச் செய்தி கூடுதலாக வேலை செய்தது. பாராட்டு தப்பில்லை. ஆனால் எதைப் பிடித்து ஏறுவது என்று தெரிந்தால்தானே பெற்றவர்களும் கை கொடுக்க முடியும்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

முதலில் ஆளை முடிவு செய்யுங்கள். இப்போது அம்மா, பெரியப்பா, நீங்கள், எதிர்வீட்டுக்காரர், போனில் அப்பா என்று ஆளுக்கு ஆள் புத்தி சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஐந்து பேர் உபதேசத்தை எந்தப் பையனும் காதில் வாங்கமாட்டான். எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் நீங்கள்தான் அந்த ஆள் என்று தோன்றுகிறது. மற்றவர்களை ஒரு மாதம் இந்தப் பேச்சையே எடுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். அப்பா மட்டும் தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணட்டும். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அவர் எந்தக் கட்டடத்தில் என்ன பூச்சு வேலை செய்தார் என்பதை அவர் சொல்லட்டும், அவன் நாள் எப்படிப் போனது என்பதை அவன் சொல்லட்டும். முதல் வாரம் "ம்", "ம்ஹூம்" என்றுதான் பதில் வரும், பரவாயில்லை.

ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை. எடுத்தால் விடக் கூடாது. அமெரிக்காவில் பதின்வயதினருக்கு ஒரு பெரியவரை நண்பராகச் சேர்த்துவைக்கும் பெரிய திட்டம் ஒன்றை 1990-களில் ஆராய்ந்தார்கள். ஒரு வருடமும் அதற்கு மேலும் நீடித்த நட்புகளில் பிள்ளைகள் பல விதத்தில் தேறினார்கள். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன நட்புகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் கீழே போயிருந்தது. இரண்டு வாரம் ஓடி ஓடிக் கவனித்துவிட்டு, அப்புறம் வீட்டில் விசேஷம், வேலை என்று நீங்கள் மறந்துவிட்டால், ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாம். தினமும் முடியாதா? வாரம் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த இரண்டு நாள் தவறக் கூடாது.

அடுத்து, "ஏன் ஸ்கூலுக்குப் போகல?" என்று கேட்பதை நிறுத்துங்கள். அது போலீஸ் ஸ்டேஷன் கேள்வி. அதற்கு "பிடிக்கல" என்ற ஒரே பதில்தான் எல்லாப் பையன்களும் வைத்திருக்கிறார்கள். "எந்தப் பீரியடு வந்தா எந்திரிச்சு ஓடிடலாம்னு இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் கணக்கு அல்லது ஆங்கிலம் என்றுதான் வரும். தோண்டினால் அவனுக்கு வகுத்தல் வராது, அல்லது ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத்துக்கூட்டாமல் படிக்க வராது, அதை ஐந்தாம் வகுப்பிலிருந்து யாருக்கும் தெரியாமல் மறைத்து வந்திருப்பான். வாசிக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது கொடுமை. இது தெரிந்துவிட்டால் வழி உண்டு. உங்கள் தெருவில் கல்லூரி படிக்கும் அண்ணனோ அக்காவோ இருப்பார்கள். 2021-இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் வகுப்பு எடுத்தார்களே, அவர்களில் யாராவது பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அது எட்டாம் வகுப்பு வரையிலான திட்டம்தான். ஆனால் உங்கள் பையனுக்குத் தேவைப்படுவதும் ஐந்தாம் வகுப்புக் கணக்காக இருக்கலாம். வீட்டு வாசலில் வைத்துச் சொல்லித்தர வேண்டாம், நாலு பேர் பார்ப்பார்கள்.

பள்ளிக்குப் போங்கள். நேராக ஹெச்.எம். அறைக்குப் போகாதீர்கள்; அங்கே போனால் டி.சி. பேச்சில்தான் முடியும். அவனுக்கு எந்த வாத்தியாரைப் பிடிக்கும் என்று கேட்டு அவரைப் பாருங்கள். பெரும்பாலும் விளையாட்டுச் சொல்லித்தரும் பி.டி. வாத்தியாராகத்தான் இருப்பார், எங்களையெல்லாம்விட அவர்களுக்குத்தான் பையன்களின் பெயரும் பட்டப்பெயரும் தெரியும். அவரிடம் இரண்டே இரண்டு கோரிக்கை வையுங்கள். அவன் வராத நாளில் காலை பத்து மணிக்குள் உங்களுக்கு ஒரு மிஸ்டுகால். அவன் திரும்பி வருகிற நாளில் யாரும் அவனைக் கேலி செய்யாமல், "வந்துட்டியா, உட்காரு" என்ற ஒரு வார்த்தை. இரண்டாவதுதான் முக்கியம், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

டி.சி.யை மட்டும் எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் அவன் யாருடைய பதிவேட்டிலும் இருக்க மாட்டான், யாருக்கும் அவனைத் தேடும் வேலையும் இருக்காது. ரொம்ப நெருக்கினால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம், அதில் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் நிச்சயம் இருப்பார். கல்வித்துறையின் 14417 எண்ணிலும் கேட்கலாம்.

கேட்டரிங்கை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். அவனுக்கு மரியாதை கிடைக்கும் ஒரே இடத்தை நீங்கள் பிடுங்குவதாகத்தான் அவனுக்குத் தெரியும். பேரம் பேசுங்கள். பள்ளி விடுமுறையில் வரும் முகூர்த்தம் அவனுக்கு, பள்ளி நாளில் வரும் முகூர்த்தம் பள்ளிக்கு. கேட்டரிங் மாஸ்டரையும் ஒருமுறை நேரில் பார்த்து இதைச் சொல்லுங்கள். நான் பார்த்த மாஸ்டர்களில் பலர் தாங்களே எட்டாவதில் நின்றவர்கள். மரியாதையாகப் போய்ச் சொன்னால் "நாளைக்கு ஸ்கூலு இருக்குல்ல, நீ வராதடா" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நாம் பத்து முறை சொல்வதும் அவர் ஒருமுறை சொல்வதும் ஒன்றில்லை.

கூட்டாளி விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காலை எட்டரைக்கு வாசலில் வந்து நின்று "டேய், வரியா இல்லையா?" என்று கூப்பிடும் ஒரு பையன் இருந்தால் உங்கள் வேலை பாதி குறைந்துவிடும். அவனோடு எட்டாவது வரை படித்து அதே பள்ளிக்கு வந்த பையன் யாராவது இருப்பான். அவனுக்கு ரெண்டு இட்லி சேர்த்து ஊற்றுங்கள்.

அன்பு பணத்துக்கு ஈடாகாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவன் கொண்டுவரும் காசில்தான் அடுப்பு எரிகிறது என்றால் நான் மேலே சொன்ன எதுவும் நிற்காது. காமராஜர் காலத்தில் 1956-இல் மதிய உணவு வந்ததும், பிறகு சைக்கிளும் பஸ் பாஸும் வந்ததும் இந்தக் கணக்கு தெரிந்துதான். அப்பா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று பாருங்கள். பதிந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ ஐ.டி.ஐ.க்கோ போகும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் தருகிறார்கள், 2024 ஆகஸ்டில் தொடங்கியது. கை வேலையில் நாட்டம் உள்ளவன் என்றால் ஒருநாள் பக்கத்து ஐ.டி.ஐ.க்குக் கூட்டிப்போய் வெல்டிங் பட்டறையைக் காட்டுங்கள். பத்தாவது முடித்தால் எந்தக் கதவு திறக்கும் என்று கண்ணால் பார்ப்பது, "படிச்சாத்தான்டா நல்லா இருக்கலாம்" என்பதைவிட மேல்.

பெண் பிள்ளை விஷயத்தில் இதே வயதில் நின்றுபோவதற்குக் காரணங்கள் வேறு: கடைசிப் பஸ், தம்பி தங்கைகள், வயதுக்கு வந்த பிறகு வீட்டில் வரும் பேச்சு, மாமனுக்கு முடிப்பது. அங்கே நேரம் இன்னும் குறைவு. கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால் மிஸ்டுகாலுக்குக் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிட்டுவிட வேண்டும்.

எத்தனை நாளில் சரியாகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு மூன்று முறை மறுபடி நிற்பான். நின்றால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். பத்து நாள் நின்றவன் அடுத்த முறை நாலு நாள் நின்றால் அது முன்னேற்றம்தான், நான் அப்படித்தான் கணக்குப் போடுவேன்.

உங்களுக்கு ஒரு நல்ல நேரமும் இருக்கிறது. வருகைப் பதிவேட்டைப் பார்த்தே முகூர்த்த நாளைச் சொல்லிவிடலாம் என்பது எங்கள் பக்கத்து வாத்தியார்களுக்குத் தெரிந்த ரகசியம். முந்தின நாள் ரிசப்ஷன், மறுநாள் டிபன், மதியப் பந்தி, அதற்கடுத்த நாள் தூக்கம் என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல் காலியாக இருக்கும். ஆடி பிறந்துவிட்டால் கல்யாணம் கிடையாது. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும், மாஸ்டருக்கே வேலை இருக்காது, பையன் வீட்டில் சும்மா படுத்திருப்பான். ஆவணி முதல் முகூர்த்தம் வரைக்கும் ஒரு மாதம் உங்கள் கையில். ஆடிக்கு முன்பே அந்த பி.டி. வாத்தியாரைப் பார்த்து நம்பரைக் கொடுத்துவிடுங்கள்.